பதினோரு விநாடி

படிவத்தில் பதினேழு கேள்விகள்.
வண்டியின் எடை, டர்போ எத்தனை,
பின் அச்சின் விகிதம்,
எதற்கு ஓட்டுகிறீர்கள்.
தினசரி என்று ஒரு கட்டம், பந்தயம் என்று ஒரு கட்டம்.
இரண்டிலும் டிக் போட்டேன்.
தங்கச்சிமடத்தில் ஞாயிறு பூசைக்குத் தாமதமாகக் கிளம்புவதும்
ஒருவகையில் பந்தயம்தான்.

கோயம்புத்தூர்க்காரர் போனில் சொன்னார்:
"மேடம், மூவாயிரத்து ஐந்நூறு ஸ்டால் போடுங்க.
கிளம்பும்போது கழுத்து பின்னால போகும்."
கழுத்து பின்னால் போவது எனக்குப் பிடிக்கும்.
இல்லையென்றால் இரண்டு சீட்டை எடுத்து
உப்புக்காற்றில் அரித்த கான்டெஸாவுக்குள்
ஜப்பான்காரனின் ஆறு சிலிண்டரை
ஏன் இறக்கியிருக்கப் போகிறேன்.

பூமிபாலன் கியர் ஆயிலைத் துணியில் ஒற்றினான்.
சிவப்பாக இருக்க வேண்டியது
கருவாட்டுக் குழம்பு நிறத்தில் இருந்தது.
மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.
தீய்ந்த வாடை.
பிறகு, எவருடைய வண்டியிலோ கழற்றி
நடுவே அறுத்துவைத்த ஒரு கன்வெர்ட்டரை உருட்டி வந்தான்.
பூசணிக்காய் பருமன்.
"ரெண்டு விசிறிக்கா. ஒண்ணு எஞ்சினோட சுத்தும்,
ஒண்ணு கியர்பாக்ஸோட.
ஒண்ணையொண்ணு தொடாது.
நடுவுல ஆயில்தான் சேதி சொல்லும்."

பாம்பன் பாலத்துக்குக் கீழே
ஆண்கடலும் பெண்கடலும் தள்ளிக்கொள்வதை
தினம் இரண்டு தடவை பார்க்கிறவள் நான்.
புரிந்துவிட்டது என்றேன்.
அவன் நம்பவில்லை.
"ஸ்டால் கூடுனா மெதுவா போறப்ப நழுவல் கூடும்.
நழுவுனா சூடு. சூடேறுனா ஆயில் செத்துப்போகும்.
எப்படி ஓட்டுறீங்கன்னு ஒரு வாரம் எழுதிட்டு வாங்க.
எப்படி ஓட்ட ஆசைன்னு இல்ல."

கதீஜா நாச்சியார் மண்டபத்தில் ஏறுவாள்.
மடியில் நோட்டு.
எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எழுதுவதைப் போலவே
நேரம், அளவு, குறிப்பு என்று கோடு போட்டாள்.

திங்கள். பாலத்தின் நடுவில் வேனை நிறுத்தி
ரயிலுக்குக் கை காட்டினார்கள் ஈரோட்டுக் குடும்பத்தார்.
பதினெட்டு நிமிடம் பிரேக்கில் கால்.
செவ்வாய். உச்சிப்புளி. ஆடுகள்.
புதன். சோதனைச் சாவடியில் பானெட்டைத் திறக்கச் சொன்னார் போலீஸ்காரர்,
சோதிக்க அல்ல, பார்க்க.
வியாழன் முழுக்கக் கச்சான்.
மணல் சாலையைக் குறுக்கே ஊர்ந்து கடந்தது,
நாங்கள் நெடுக ஊர்ந்தோம்.
வெள்ளி எழுதவில்லை.
அவள் தங்கைக்குப் பெண்பார்க்க வந்தவர்கள்
பிரியாணியில் குறை சொன்ன கதை
ராமநாதபுரம் வரை போதவில்லை.
சனிக்கிழமை காலை, பட்டணம்காத்தானுக்கு முன்னால்
சாலை துடைத்துவிட்டதுபோல் காலி.
கதீஜாவைப் பார்த்தேன். அவள் நோட்டை இறுகப் பிடித்தாள்.
மிதித்தேன்.
ஒரு கணம் ஒன்றுமில்லை, வெறும் உறுமல்.
பிறகு டர்போ விழித்தது.
எதிரே லாரி தெரிந்ததும் காலை எடுத்தேன்.
'யா அல்லாஹ்' என்று எழுதி
பக்கத்தில் நேரத்தையும் எழுதியிருந்தாள்.

வாரத்தின் கூட்டல்:
நின்றதும் ஊர்ந்ததும் நான்கு மணி நாற்பது நிமிடம்.
முழு மிதி, பதினோரு விநாடி.

நம்ப முடியாத முடிவு வந்தால்
மாதிரியை மறுபடி ஓட்டுவது எங்கள் வழக்கம்.
மறுபடி கூட்டினேன்.
பதினோரு விநாடி.

பந்தயக் கட்டத்தை அடித்தேன்.
லாக்கப் வேண்டும் என்று எழுதினேன்,
நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டினால்
இரண்டு விசிறியும் கைகோத்துக்கொள்ளட்டும்.
ஆயிலுக்குத் தனிக் கூலர்.
ஸ்டால், பூமிபாலன் சொன்னபடி, இரண்டாயிரத்து நானூறு.
பேனாவை மூடினேன்.

திறந்து, நானூறை அறுநூறாக்கினேன்.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் கதீஜா,
மாதாமாதம் பெட்ரோலுக்குப் பங்கு தருகிறவள்.
"அந்த இருநூறுல
என் பங்கு எவ்வளவுடி?"